புக்கிங் மெயில் மோசடி: ஃப்ரீலான்ஸ் ஃபோட்டோகிராஃபர்கள் எதை முதலில் சரிபார்க்க வேண்டும்? முழுமையான வழிகாட்டி

சென்ற வருடம் ஆவணி மாதம், ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு தம்பி ஃபோன் செய்தான். என்னிடம் இரண்டு சீசன் செகண்ட் ஷூட்டராக (துணை ஃபோட்டோகிராஃபராக) வந்தவன். தனியாக ஆர்டர் எடுக்க ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. "அண்ணே, மாமல்லபுரத்துல ரிசார்ட் கல்யாணம், மூணு நாள் ஆர்டர். மெயில்லயே பேசி முடிச்சாச்சு. அட்வான்ஸ் ஒன்னேகால் லட்சம் கார்டுல போட்டுட்டாங்க. அதுல அறுபதாயிரத்தை மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஜிபே பண்ணச் சொல்றாங்க. இருபது அனுப்பிட்டேன். மீதியையும் அனுப்பிடவா?"

அனுப்பாதே என்று சொல்லி, மறுநாள் காலையில் அவனை வரச்சொல்லி மெயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஐந்து வாரம் கழித்து அந்தக் கார்டின் உண்மையான சொந்தக்காரர் புகார் கொடுக்க, ஒன்னேகால் லட்சமும் திரும்பிப் போனது. இருபதாயிரம் போனது போனதுதான். கேமரா பாடிக்கு அவன் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

அவனுக்குப் பிறகு ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து இதே வேலையைச் செய்திருக்கிறேன். அவர்களில் யாரும் ஏமாளிகள் இல்லை. ஒப்பந்தம் அனுப்பினார்கள், அட்வான்ஸ் கேட்டார்கள், தேதியைக் குறித்தார்கள். வரிசைதான் மாறிப்போனது. ஆளைத் தெரிந்துகொள்ளும் முன்பே அக்கவுண்ட் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். பணம் உண்மையிலேயே வந்ததா என்று பார்க்கும் முன்பே பணத்தை வெளியே அனுப்பியிருந்தார்கள். அதனால் கீழே உள்ளதை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. மெயில் வருவதற்கு முன்பே தயாராக வைக்க வேண்டியவை

பெரிய தொகை சொல்லி ஒரு மெயில் வந்துவிட்டால் யாருக்கும் நிதானம் இருக்காது. அன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவுகளை இன்றைக்கே எழுதி வைத்துவிடுவது நல்லது.

முதலில், தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. யு.பி.ஐ.யில் அதை மட்டும் இணையுங்கள். வீட்டுச் சேமிப்பு இருக்கும் கணக்கு அதில் வேண்டாம். தப்பான கியூ.ஆர். ஒன்றை ஸ்கேன் செய்துவிட்டாலும், அந்தக் கணக்கில் இருக்கும் தொகையோடு நஷ்டம் நிற்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. வேறொருவரிடம் திருடிய பணம் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்தால், அவர் கொடுத்த புகாரின் தடத்தைப் பிடித்து வரும் போலீஸ் உங்கள் கணக்கையும் முடக்கச் சொல்லலாம். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று நிரூபிக்கும்வரை அந்தப் பணத்தைத் தொட முடியாது. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸும் அதே கணக்கில் இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஒரு பக்க நிபந்தனைத் தாள். விலை, நேரம், ஆல்பம் எல்லாம் வழக்கம்போல் இருக்கட்டும். மூன்று வரிகள் கண்டிப்பாக வேண்டும். அட்வான்ஸ் எத்தனை சதவீதம் என்பது ஒன்று. பணம் திருப்பித் தர வேண்டி வந்தால் எந்த வழியில் வந்ததோ அதே வழியில், அதே கணக்குக்கு மட்டும் போகும் என்பது இரண்டாவது. மேக்கப், டெகரேஷன், கேட்டரிங் என்று வேறு எவருக்கும் என் கையால் பணம் போகாது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வரியைப் பார்த்து "இதெல்லாம் யார் கேட்கப்போறாங்க" என்று புதியவர்கள் விட்டுவிடுவார்கள். பின்னால் தெரியும், மோசடிக்காரன் கேட்பதே அதைத்தான்.

மூன்றாவது, உங்கள் மெயிலுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்கும் முறை). லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தால், ஃபைல் பெயரோடு அதன் முழு நீட்டிப்பும் (பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) தெரியும்படி ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் மாற்றிக்கொள்ளுங்கள். இதன் பயன் ஆறாவது படியில் வரும்.

2. மெயிலை முதல்முறை வாசிக்கும்போது

பதில் எழுதாமல் ஒருமுறை வாசியுங்கள். அந்தத் தம்பிக்கு வந்த முதல் மெயிலைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "வணக்கம், குடும்ப நிகழ்ச்சி ஒன்றுக்கு ஃபோட்டோகிராஃபர் தேவை. சுமார் 60 பேர். மூன்று நாள். உங்கள் கட்டணம் என்ன? கிரெடிட் கார்டு வாங்குவீர்களா?"

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். தம்பியின் பெயர் இல்லை. ஊர் இல்லை. அவன் எடுத்த எந்தப் படத்தைப் பார்த்துப் பிடித்தது என்று இல்லை. ஒரே மெயிலை ஆயிரம் பேருக்கு அனுப்பும்போது யாருக்கும் பொருந்துகிற மாதிரிதான் எழுத முடியும். அதனால் குறிப்பிட்ட எதுவும் அதில் இருக்காது. குறிப்பாக இருக்கும் ஒரே விஷயம் பணம் கட்டும் முறை. கார்டு வாங்குவீர்களா என்று முதல் மெயிலிலேயே கேட்பவர், படத்தைவிடப் பணப் பாதையில் அதிக அக்கறையோடு இருக்கிறார்.

நம் பார்ட்டிகள் எழுதுவதை இதோடு ஒப்பிடுங்கள். "அண்ணா, தை 20 முகூர்த்தம், திண்டுக்கல். முந்தின நாள் ரிசப்ஷன். கேண்டிட் மட்டும்னா எவ்ளோ, ட்ரெடிஷனலும் சேர்த்தா எவ்ளோ? ஆல்பம் எத்தனை ஷீட்? ட்ரோன் இருக்கா?" அடுத்த மெசேஜில் "கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணா" என்று வரும். பேரம் பேசாத கல்யாண வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. மோசடி மெயிலில் பேரமே இருக்காது. நீங்கள் சொன்ன தொகைக்கு உடனே சரி என்று வரும், சில சமயம் அதற்கு மேலேயும். அது அவர்கள் பணமே இல்லை என்பதால் குறைக்க வேண்டிய தேவை அவர்களுக்குக் கிடையாது. என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான அடையாளம் வேறு இல்லை.

எழுத்துப் பிழை இருந்தால் மோசடி, இல்லாவிட்டால் நிஜம் என்ற பழைய கணக்கை விட்டுவிடுங்கள். ஏ.ஐ. வந்தபிறகு எவரும் பிழையில்லாமல் எழுதலாம், தமிழிலும்கூட. அதேபோல நம் பார்ட்டிகளில் பாதிப் பேர் பிழையோடுதான் எழுதுவார்கள்.

இன்னொன்று, ஃபோனில் பேச முடியாததற்கான காரணம். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், கப்பலில் இருக்கிறேன், காது கேட்காது, ராணுவ முகாமில் இருப்பதால் அனுமதியில்லை. இவற்றில் ஏதாவது ஒன்று இரண்டாவது மெயிலுக்குள் வந்துவிடும். உண்மையிலேயே காது கேளாதவர்கள் நம் வாடிக்கையாளர்களாக வருகிறார்கள், அவர்களைச் சந்தேகத்தோடு நடத்தக்கூடாது. அவர்கள் வீடியோ காலில் வருவார்கள், டைப் செய்து பேசுவார்கள், இல்லை அக்காவையோ நண்பரையோ பேச வைப்பார்கள். மோசடிக்காரர் இதில் எதற்கும் வரமாட்டார்.

3. அனுப்பியவரின் முகவரியைச் சரிபார்ப்பது

பெயரை விட்டுவிட்டு முகவரியைப் பாருங்கள். மெயிலில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். செல்ஃபோனில் பெயர் மட்டும்தான் தெரியும், அதைத் தொட்டால்தான் முகவரி வரும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

அப்புறம், 'ரிப்ளை' கொடுத்துப் பார்த்து, 'டு' கட்டத்தில் எந்த முகவரி வருகிறது என்று பாருங்கள். அனுப்பிய முகவரி ஒன்று, பதில் போகும் முகவரி வேறொன்று என்றால் அங்கேயே நிறுத்தலாம். ஒரு கம்பெனி பெயரில் வந்த மெயிலுக்கான பதில் இலவச மெயில் முகவரிக்குப் போவதற்கு நல்ல காரணம் அநேகமாக இருக்காது.

கம்பெனி அல்லது இவென்ட் நிறுவனம் என்று வந்தால், அதன் இணையதளப் பெயர் எப்போது பதிவானது என்று 'ஹூ ஈஸ்' தேடலில் பாருங்கள், இலவசம்தான். "15 வருட அனுபவம்" என்று போட்டிருக்கும் நிறுவனத்தின் தளம் பன்னிரண்டு நாளுக்கு முன் பதிவாகியிருந்தால் மேலே பார்க்க ஒன்றுமில்லை. பெயரில் ஓர் எழுத்து கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தெரிந்த பிராண்டின் பெயரில் நடுவே ஒரு கோடு போட்டுப் புதுத்தளம் திறப்பது சாதாரணமாக நடக்கிறது.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' போனால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு தெரியும். 'ஃபெயில்' என்றிருந்தால் ஆபத்து. 'பாஸ்' என்றிருந்தால் மெயில் அந்த முகவரியில் '@'-க்குப் பின்னால் உள்ள தளத்தின் வழியாகத்தான் கிளம்பியது என்று மட்டும் அர்த்தம். இலவச மெயில் முகவரி வைத்திருக்கும் மோசடிக்காரனுக்கும் 'பாஸ்'தான் வரும். அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மெயிலோடு மணமக்கள் படமோ நிறுவன ஆளின் படமோ வந்தால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அரை நிமிட வேலை.

4. முதல் பதிலில் என்ன எழுதுவது

சந்தேகம் இருந்தாலும் முதல் பதில் மரியாதையாகவே இருக்கட்டும். நிஜ வாடிக்கையாளரும் சுருக்கமாக எழுதலாம். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: நிகழ்ச்சி நடக்கும் மண்டபம் அல்லது இடத்தின் பெயரும் ஊரும், நேரம் (கல்யாணம் என்றால் முகூர்த்தம் எத்தனை மணிக்கு), என்னைப் பற்றி உங்களுக்கு எப்படித் தெரியவந்தது. கூடவே, "உங்களோடு ஐந்து நிமிடம் ஃபோனில் பேசிவிட்டுத்தான் கொட்டேஷன் அனுப்புவேன்" என்று ஒரு வரி.

கல்யாண வீட்டுக்காரருக்கு இந்த மூன்றும் மனப்பாடம். பத்து நொடியில் பதில் வரும். மோசடிக்காரர் இவற்றைத் தாண்டிப் போய், "விவரங்களைப் பிறகு அனுப்புகிறேன், முதலில் அட்வான்ஸ் தொகையைச் சொல்லுங்கள்" என்பார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் பணத்துக்குத் தாவினால் அங்கேயே நின்றுகொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் வங்கிக் கணக்கு எண், யு.பி.ஐ. ஐ.டி., ஆதார், பான் நகல் எதையும் அனுப்ப வேண்டாம். "வெண்டர் பதிவுக்கு" என்று பான், ஆதார், கேன்சல் செய்த செக் மூன்றையும் முதல் நாளே கேட்பார்கள். நிறுவன வேலைகளில் இவை நிஜமாகவே தேவைப்படும்தான், ஆனால் வேலை உறுதியான பிறகு.

5. ஃபோனில் பேசுவதும், இடத்தைக் கேட்டு உறுதி செய்வதும்

பேசும்போது மிரட்டும் தொனி வேண்டாம், தொழில் பேச்சே போதும். மணமேடை எந்தப் பக்கம் பார்த்திருக்கும், பெண் அழைப்பு இருக்கிறதா, காலையில் எத்தனை மணிக்கு வரவேண்டும், வீடியோ யார் எடுக்கிறார்கள். நிகழ்ச்சி நிஜமென்றால் பேச்சு தானாக நீளும், அத்தையைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள், பின்னால் யாரோ குரல் கொடுப்பார்கள்.

அடுத்து மண்டபத்துக்கோ ரிசார்ட்டுக்கோ நீங்களே ஃபோன் செய்யுங்கள். நம்பரை மெயிலிலிருந்து எடுக்காதீர்கள், நீங்களே தேடி எடுங்கள். மெயிலில் உள்ள நம்பரும் அவர்களுடையதாக இருக்கலாம். "இன்ன தேதியில் இந்தப் பெயரில் புக்கிங் இருக்கிறதா? நான் ஃபோட்டோகிராஃபர், லைட் வைக்க இடம் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். தம்பி இந்த ஒரு ஃபோனைச் செய்திருந்தால் அன்றைக்கு அந்த ரிசார்ட்டில் கல்யாணமே இல்லை என்று தெரிந்திருக்கும். நான் மறுநாள் செய்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ராணுவ அதிகாரி என்று சொல்லி வருபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் அந்தச் சீருடைக்கு உள்ள மரியாதையைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, சீருடைப் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரிசையாக வரும். கேட்காமலே அடையாள அட்டையை அனுப்புகிறவரை நம்புவதற்கு அது காரணமாகாது. அந்தப் படங்கள் வேறு யாரிடமோ வாங்கியதாகவோ வெட்டி ஒட்டியதாகவோ இருக்கும். பெரும்பாலும் "எங்கள் கணக்குப் பிரிவு பணம் அனுப்பும் முறை வேறு" என்ற பேச்சில் வந்து நிற்பார்கள். அது என்ன முறை என்பது ஏழாவது படியில்.

6. மூட்போர்டு, லிங்க், ஃபைல்களைத் திறக்கும் முன்

பணம் கேட்காத மோசடியும் உண்டு. ஃபேஷன் பிராண்ட், விளம்பர ஏஜென்சி என்று எழுதி, "மூட்போர்டு இணைத்திருக்கிறோம், பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்" என்பார்கள். மூட்போர்டு என்றால் எந்த மாதிரிப் படம் வேண்டும் என்று காட்டும் படத் தொகுப்பு. இணைப்பு ஒரு ஜிப் ஃபைல், அதற்குப் பாஸ்வேர்டும் மெயிலிலேயே இருக்கும். பாஸ்வேர்டு போட்டு மூடிய ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று மெயில் நிறுவனத்தின் வைரஸ் சோதனையால் பார்க்க முடியாது. பாஸ்வேர்டு வைப்பதன் காரணமே அதுதான்.

உள்ளே பி.டி.எஃப். படக்குறியோடு ஒரு ஃபைல் இருக்கும். நீட்டிப்பைத் தெரியவைத்திருந்தால் அது கடைசியில் ஈ.எக்ஸ்.ஈ., எஸ்.சி.ஆர். என்று ஏதாவது முடிவதைப் பார்ப்பீர்கள். திறந்தால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும், ஏற்கெனவே லாகின் செய்து வைத்திருக்கும் அமர்வுகளும் திருடு போகும். அமர்வே போய்விட்டால் இரட்டைச் சரிபார்ப்பும் காப்பாற்றாது. காலையில் எழுந்தால் உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கம் உங்களுடையதாக இருக்காது.

மூட்போர்டை மெயிலுக்குள்ளேயே சாதாரணப் படங்களாக அனுப்பச் சொல்லுங்கள். லிங்க் அனுப்பி, அதைத் திறந்ததும் கூகுள் அல்லது இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு கேட்டால் மூடிவிடுங்கள்.

7. அட்வான்ஸ்: பணம் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள்

இதுவரை உள்ள படிகளைத் தாண்டி வந்த மோசடி இங்கே கண்டிப்பாக வெளிப்படும். கதை எப்படி மாறினாலும் முடிவில் உங்கள் கையிலிருந்து பணம் வெளியே போக வேண்டும், அவர்களுக்கு வேண்டியது அதுதான். படம் எடுப்பவருக்குப் பணம் வரத்தான் வேண்டும். வெளியே அனுப்பச் சொல்லும் ஒவ்வொரு வேண்டுகோளையும் அதன் காரணம் எதுவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

அதிகப்படியாக அனுப்பும் முறை. தம்பிக்கு நடந்தது இது. திருட்டுக் கார்டில் உங்கள் பேமென்ட் லிங்க்கில் கட்டிவிட்டு, அதில் ஒரு பகுதியை மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டுக்கோ டெகரேட்டருக்கோ உடனே அனுப்பச் சொல்வார்கள். "அவர் கார்டு வாங்கமாட்டார்" என்பது வழக்கமான காரணம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் கார்டுக்காரர் பல வகைப் புகார்களை 120 நாள் வரை கொடுக்கலாம். அப்போது கேட்வே (கார்டுப் பணத்தை உங்களுக்கு வாங்கித் தரும் நிறுவனம்) உங்களிடமிருந்து முழுத் தொகையையும் எடுத்துக்கொள்ளும். அதற்குள் நீங்கள் யு.பி.ஐ.யில் அனுப்பியதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

அமெரிக்கா, கனடாவில் வேலை செய்யும் நம் ஆட்களுக்கு இதே மோசடி செக்கில் வரும். 2,000 டாலர் வேலைக்கு 4,500 டாலருக்கு வங்கிச் செக் தபாலில் வரும், மீதியை வேறொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள். அங்கே புதியவர்கள் ஏமாறும் இடம், கணக்கில் தொகை தெரிவது. அமெரிக்கச் சட்டப்படி வங்கிகள் செக் பணத்தைச் சில நாளிலேயே எடுக்க விட வேண்டும். செக் போலி என்று தெரியவர வாரக்கணக்கில் ஆகலாம். எடுக்க முடிகிறது என்றால் செக் பாஸாகிவிட்டது என்று அர்த்தமில்லை. திரும்பிவந்த செக்கின் முழுத் தொகையையும் வங்கி உங்களிடம்தான் கேட்கும்.

கியூ.ஆர். முறை. ராணுவ அதிகாரி என்று வருபவர் சொல்லும் 'வேறு முறை' இது. "இந்த கியூ.ஆர்.-ஐ ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் உங்கள் கணக்கில் ஏறும்." முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லி இரண்டு ரூபாயாகத் திருப்பித் தருவார்கள். நம்பிக்கை வந்ததும் 25,000-க்கு கியூ.ஆர். வரும். யு.பி.ஐ. பின் பணம் அனுப்பவோ இருப்பைப் பார்க்கவோதான். பணம் வாங்க ஸ்கேனும் தேவையில்லை, பின்னும் தேவையில்லை. தனிநபர் தனிநபரிடம் 'கலெக்ட்' வேண்டுகோள் அனுப்பிப் பணம் கேட்கும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல், யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுத்தச் சொல்லிவிட்டது. கியூ.ஆர். மோசடி அதனால் நிற்கவில்லை.

போலி எஸ்.எம்.எஸ். முறை. 5,000 அட்வான்ஸுக்குப் பதில் 50,000 வந்ததாக ஒரு எஸ்.எம்.எஸ். வரும். உடனே ஃபோன் வரும், "ஒரு சைபர் கூடிப்போச்சு அண்ணா, ஆஸ்பத்திரிக்கு வெச்சிருந்த காசு, மீதிய அனுப்பிடுங்க" என்று அழும் குரலில். வங்கி எஸ்.எம்.எஸ். பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வராது. எஸ்.எம்.எஸ்.ஸையும் ஸ்க்ரீன்ஷாட்டையும் விட்டுவிட்டு வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள். நிஜமாகவே அதிகம் வந்திருந்தாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம். வங்கிக்குச் சொல்லுங்கள், அவர்கள் வழியாகத் திரும்பட்டும். முதல் படியில் சொன்ன முடக்கம் இப்படித்தான் வந்து சேரும்.

கட்டணம் கேட்கும் முறை. வெண்டர் பதிவுக் கட்டணம், கேட் பாஸ் டெபாசிட், "விமான டிக்கெட்டை நீங்கள் போட்டுவிடுங்கள், வந்ததும் தருகிறோம்." 2019 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதே வகை மோசடி ஒன்றில் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பொது அறிவிப்பு வெளியிட்டது. ஹாலிவுட் பிரபலங்கள் போலப் பேசி, எழுத்தாளர், மேக்கப் கலைஞர், ஃபோட்டோகிராஃபர் என்று பலரை இந்தோனேசியாவுக்கு வரவழைத்து, அங்கே போக்குவரத்துச் செலவு அது இது என்று கறந்திருக்கிறார்கள். அனுபவசாலிகளும் போனார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அட்வான்ஸ் வந்து, வங்கி ஆப்பில் பார்த்து, அனுப்பியவர் பெயரும் பேசியவர் பெயரும் பொருந்தினால் அப்போது தேதியைக் குறியுங்கள். மாமா கணக்கிலிருந்து வருவது நம் வீடுகளில் சகஜம், கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன் தேதியைக் குறித்து வேறு முகூர்த்த ஆர்டரைத் திருப்பி அனுப்பாதீர்கள். பணம் போகாவிட்டாலும் ஒரு முகூர்த்த நாள் போனால் அந்த மாத வருமானம் போச்சு.

8. கேமராவோடு கிளம்பும் முன்

பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. 2024-ல் விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த இளம் ஃபோட்டோகிராஃபர் ஒருவரை ஆன்லைனில் புக் செய்து வரவழைத்து, கேமராவுக்காகவே கொன்றார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, புதுப் பார்ட்டியின் அவுட்டோர் ஷூட்டுக்கு யாரையும் தனியாக நான் அனுப்புவதில்லை.

முன்பின் தெரியாதவர் என்றால் முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், கேமரா இல்லாமல். அவர்கள் அனுப்பும் வண்டியில் ஏறாதீர்கள். போகும் இடத்தின் லைவ் லொகேஷன் வீட்டில் ஒருவரிடமும் தொழிலில் ஒருவரிடமும் இருக்கட்டும். கடைசி நேரத்தில் "இடம் மாறிடுச்சு, இங்க வாங்க" என்றால், புது இடத்தை ஐந்தாவது படியில் சொன்னபடி மறுபடி உறுதி செய்யாமல் வண்டியைத் திருப்பாதீர்கள். பாடி, லென்ஸ் சீரியல் நம்பர்களை எழுதி மெயிலில் போட்டு வையுங்கள். திருட்டுப் புகாருக்கு அவை உதவும்.

9. பணம் போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம்

வெட்கப்பட்டு ராத்திரி முழுவதும் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். அந்த ராத்திரியில்தான் பணம் நான்கைந்து கணக்கு தாண்டி ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுகிறது.

முதலில் 1930-க்கு ஃபோன். சைபர் நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், கணக்கில் மிச்சமிருப்பதை நிறுத்திவைக்க முடியும். அதனால்தான் உங்கள் வங்கிக்கும் முன்னால் இது. கையில் வைத்திருக்க வேண்டியவை: பரிவர்த்தனை எண், நேரம், தொகை, பணம் போன யு.பி.ஐ. ஐ.டி. அல்லது கணக்கு எண். லைன் கிடைக்கவில்லை என்றால் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் நேரடியாகப் பதியலாம். முகவரி சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்து எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

இரண்டாவது வங்கிக்கும் கேட்வேக்கும் சொல்வது. மூன்றாவது, ஃபைல் எதையாவது திறந்திருந்தால் அந்த லேப்டாப்பை நெட்டிலிருந்து துண்டித்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலும் லாக் அவுட் செய்வது. அதே லேப்டாப்பில் மாற்றினால் புதுப் பாஸ்வேர்டும் அவர்களுக்கே போகும். பிறகு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம்.

மெயில்களை அழிக்காதீர்கள். கோபத்தில் திட்டி ஒரு மெயில் அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். முழு மெயிலும் அதன் தலைப்புத் தகவல்களோடு ('ஷோ ஒரிஜினல்' காட்டுபவை) இருந்தால்தான் போலீஸுக்குப் பயன். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது.

பணம் போகாமல் தப்பித்தவர்களும் அந்த ஃபோன் நம்பரையும் வாட்ஸ்அப் எண்ணையும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம். உங்கள் ஊர் ஃபோட்டோகிராஃபர்கள் குரூப்பிலும் அந்த மெயிலை அப்படியே போடுங்கள். ஒரே வாரத்தில் ஒரே ஊரில் பலருக்கு இது போகும்.

புகார் கொடுத்த சில வாரத்தில் இன்னொரு ஃபோன் வரலாம். "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், ப்ராசஸிங் ஃபீஸ் 3,000." தம்பிக்கும் வந்தது. இந்தமுறை அவன் பதில்கூடச் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டான். நாங்கள் அந்த நம்பரையும் அதே புகார் எண்ணோடு சேர்த்துக் கொடுத்தோம்.